உன் மண்டபத்தில் இடமில்லாதவர்கள்

அன்புள்ள தம்பிக்கு,

"சின்னப் பிள்ளைங்கள உள்ள விட்டு ஏதாச்சும் ஆச்சுன்னா யாரு அக்கா பதில் சொல்றது?" என்று கேட்டாய். இசை மண்டபம் நடத்துகிறவனுக்கு அந்தப் பயம் நியாயம்தான்.

நான் புசல்லாவையில் படிப்பித்தபோது, பிள்ளைகளுக்கு அடிபடும் என்று பயந்து பள்ளி அதிபர் மைதானத்தைப் பூட்டினார். பிள்ளைகள் விளையாட்டை விடவில்லை; பஸ் ஓடும் வீதியில் விளையாடினார்கள்.

மது விற்காத ஒரு ஞாயிறு பிற்பகலைத்தான் உன் மண்டபத்துக்கு வந்த பள்ளிப் பிள்ளைகளின் இசைக்குழு உன்னிடம் கேட்டது. நீ மறுத்தாய். இப்போது திகனவில் ஒரு பாழடைந்த களஞ்சியத்தில் வாசிக்கிறார்கள். போன வாரம் குடித்துவிட்டு வந்தவர்கள் வாசலை மறித்திருக்கிறார்கள்.

டிரம்ஸ் அடிக்கும் பிள்ளை என்னிடம் வந்து அழுதாள். "அப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்க" என்றாள். அவள் பெயரைச் சொல்லமாட்டேன். குச்சி பிடித்து உள்ளங்கை காய்த்துப் போயிருக்கிறது.

இன்று சாப்பிட உட்காரும்போது உன் மகளின் கையைத் திருப்பிப் பார்.

உன் அக்கா