காற்று நிரப்பிய வாளி

மார்ச் 3, செவ்வாய்

நான் வரைந்த கார்ட்டூன் கரடி மூன்றாவது முறையாகத் திருத்தத்துக்குத் திரும்பி வந்துவிட்டது. ஒரு வாளித் தண்ணீரைத் தூக்க வேண்டும், அவ்வளவுதான். மொத்தமே நான்கு விநாடிக் காட்சி. எங்கள் அனிமேஷன் சூப்பர்வைசர் இரண்டு முறை ஓடவிட்டுப் பார்த்தார். யார் எதை வரைந்தாலும் அழிக்கச் சொல்வதால் அவருக்கு ரப்பர் சார் என்று பெயர். "வாளியில இருக்கறது தண்ணியா, காத்தா?" என்றார். பக்கத்து மேசைக்காரன் சிரித்தான். நல்லா இருக்கட்டும்.

மாதக் கடைசிக்குள் சரியாக வராவிட்டால் மறுபடி வண்ணம் தீட்டும் பிரிவுக்குப் போக வேண்டும். ஐந்து வருஷம் அங்கே கிடந்துவிட்டு இப்போதுதான் மேலே வந்தேன். கரடிக்கு மூக்கு எவ்வளவு அழகாகப் போட்டிருக்கிறேன்! அதை யாராவது பார்த்தார்களா? "வெளிய போய் மனுஷங்களைப் பாத்து வரை" என்று அனுப்பிவிட்டார்.

மார்ச் 5, வியாழன்

பேருந்து நிலையத்தில் மூட்டை தூக்குபவர் ஒருவரை வரைந்தேன். பார்த்துவிட்டார். உடனே மூட்டையைக் கீழே வைத்து, தலையைக் கோதி, நெஞ்சை நிமிர்த்தி நின்றார்.

"ம், இப்ப வரைங்க சார்."

மூட்டையோடுதான் வேண்டும் என்றேன். "அது எதுக்கு சார், அழுக்கு மூட்டை" என்கிறார். படத்தை வாங்கிப் பார்த்து, மூக்கு நல்லா வந்திருக்கு என்றார். ஒருத்தராவது சொன்னாரே.

மார்ச் 8, ஞாயிறு

ஊரெல்லாம் அலைந்தேனே, மடையன்! ஆள் வீட்டிலேயே இருக்கிறாள். மனைவி ஞாயிற்றுக்கிழமைதோறும் ஈரத்துணி வாளியோடு மொட்டை மாடிக்குப் போகிறாள். மூன்று மாடி, லிஃப்ட் கிடையாது. நோட்டோடு பின்னாலேயே போனேன்.

"என்ன பண்றீங்க?"

"நீ பாட்டுக்குப் போ. என்னைக் கவனிக்காத."

"கவனிக்காம இருக்கறது உங்க வேலையாச்சே" என்றாள். காலையிலேயே என்ன கோபமோ.

இரண்டாவது மாடியில் நின்று, "ஸ்... முதுகு விட்டுப்போச்சு" என்று இடுப்பில் கை வைத்தாள். அருமையான போஸ். இரண்டு படம் போட்டேன். மொத்தம் பதினொன்று!

மார்ச் 9, திங்கள்

பதினொன்றையும் வேகமாகப் புரட்டிப் பார்த்தேன். மூக்கு பிரமாதம். வாளி மிதக்கிறது.

மார்ச் 15, ஞாயிறு

மறுபடி படிக்கட்டு. "அப்படியே நில்லு, அந்தக் கையை மட்டும்—" என்றேன். போச்சு. வாளியை என் காலடியில் டொம்மென்று வைத்தாள்.

"தூக்குங்க."

"நானா?"

"பின்ன, உங்க கரடியா?"

தூக்கினேன். ஐயோ அம்மா! இடுப்பில் சுளுக்கென்று என்னவோ ஆகிவிட்டது. வாரா வாரம் இதையா தூக்கறா? நான் படியில் சாய்ந்து முனகிக்கொண்டிருக்கிறேன், அவள் என் நோட்டைப் பிடுங்கி ஏதோ கிறுக்குகிறாள். குச்சி மனிதன். தலை ஒரு முட்டை, மூக்கே இல்லை. ஆனால் அவன் கையில் இருக்கிற வாளி கனக்கிறதே, பாவி!

மார்ச் 16, திங்கள்

விடுப்பு. இடுப்பெல்லாம் தைலம். மருந்துக்கடை வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தவளிடம் வெட்கத்தை விட்டுக் கேட்டேன் — எப்படி வரைஞ்ச?

"தூக்கறதுக்கு முன்னாடி வாளியை ஒரு முறை முறைச்சீங்க. நானும் முறைப்பேன், இன்னைக்கும் நீயான்னு. அப்புறம் உடம்பு முதல்ல கீழ போகும், அதுக்கப்புறம்தான் மேல. உங்க கரடி எடுத்த எடுப்புல மேல போகுது."

என் நோட்டைப் புரட்டினேன். எல்லாப் படமும் வாளி மேலே வந்த பிறகுதான் தொடங்குகிறது. அதற்கு முந்தைய நொடி ஒன்றில்கூட இல்லை. அப்போதெல்லாம் நான் பென்சில் சீவிக்கொண்டிருந்திருப்பேன்.

மார்ச் 27, வெள்ளி

ரப்பர் சார் மூன்று முறை ஓடவிட்டார். "இந்த முறைப்பை எங்க பிடிச்ச?"

"வீட்ல, சார்."

"ம்" என்றார். அழிக்கச் சொல்லவில்லை! கரடி தப்பித்தது, நானும்தான்.

ஏப்ரல் 4, சனி

ஸ்டுடியோவில் குடும்பத்தாருக்குப் போட்டுக் காட்டினார்கள். கரடி வாளியை முறைத்ததுமே எங்கள் மகள் "ஐ, அம்மா!" என்று கத்தினாள். எல்லாரும் கைதட்டிச் சிரித்தார்கள். மனைவி மட்டும் சிரிக்கவில்லை.

திரும்பி வரும்போது சொன்னாள்: "முதுகு வலிக்குதுன்னு ஆறு வருஷமா சொல்றேன். கரடிக்கு வலிச்சாதான் உங்களுக்குத் தெரியுது, இல்ல?"

அருமையான போஸ் என்று இதே நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். ரொம்ப வெட்கமாக இருக்கிறது.

ஏப்ரல் 5, ஞாயிறு

இன்று வாளி என் கையில். முறைத்து, குனிந்து, தூக்கி, இரண்டு மாடி ஏறிவிட்டேன். இவள் அங்கே படியில் என் நோட்டோடு உட்கார்ந்திருந்தாள்.

"நில்லுங்க. கீழ வெச்சிட்டு இன்னொரு தடவை தூக்குங்க. மூக்கு சரியா வரல."