நாணலுக்குள் நானும் இருந்தேன்

தொமகோமாய்,
டிசம்பர் 3

அன்புள்ள ரிட்சுகோவுக்கு,

ஏழு வருடமாகப் புத்தாண்டு அட்டை மட்டும் அனுப்பியவள் திடீரென்று கடிதம் எழுதுகிறாளே என்று பயப்படாதே. இங்கே எல்லோரும் நலம். பள்ளிச் சமையலறையில் நம் இடத்தில் இப்போது இரண்டு சின்னப் பெண்கள். மிசோ சூப்பில் உப்பு அள்ளிக் கொட்டுகிறார்களாம்.

போன வாரம் முதல் பனி விழுந்தது. அறுத்த வயலில் ஓர் உண்ணிக்கொக்கு தனியாக நின்றது. மற்றக் கொக்குகள் தெற்கே பறந்துபோய் ஒரு மாதத்துக்கு மேல் ஆகிறது. பறவைச் சங்கத்தில் சொன்னேன். தலைவர் நிஷிகவா, "கினுயோ சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று படம்கூடக் கேட்காமல் பதிவேட்டில் எழுதிவிட்டார். வீட்டுக்கு வந்து சாப்பிடப் பிடிக்கவில்லை.

ஏழு வருடம் முன்பு, கோடையில் மட்டுமே வரும் நீல ஈப்பிடிப்பானை நீ டிசம்பரில் ஏரிக்கரையில் பார்த்த அன்று, பல்வலி என்று உன்னிடம் பொய் சொன்னேன். எப்போதும் நீதான் முதலில் பார்ப்பாய். ஒருமுறையாவது நான் பார்க்கவேண்டும் என்று மறுபக்கப் பாதையில் தனியாகப் போனேன். பனி மூடிய கிளையில், அத்தனை நீலமாய், அது உட்கார்ந்திருந்தது. எதிரே பார்த்தால் நீ, தொலைநோக்கியை உயர்த்திக்கொண்டு. நாணலுக்குள் குனிந்துவிட்டேன்.

சங்கக் கூட்டத்தில் நீ அதைச் சொன்னதும் தலைவர் உன்னைப் பார்த்து, "ஏம்மா, டிசம்பர்லயா? சாக்கே சாராயத்தை நல்லா சூடு பண்ணிக் குடிச்சுட்டுக் கிளம்பினீங்களோ?" என்று கேட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், ரிட்சுகோ.

உன்
கினுயோ

ஒதாரு,
டிசம்பர் 9

கினுயோ,

கடிதம் வந்தது. அடுப்பில் சோயா பீன்ஸ் தீயும்வரை படித்தேன்.

நீ அங்கே இருந்தது எனக்குத் தெரியும். நாணலுக்குள்ளிருந்து ஒரு தும்மல் வந்தது. இருபது வருடம் சமையலறையில் கேட்ட தும்மல், பாத்திரம் விழுந்த மாதிரி. பறவை அதில்தான் பறந்தது. "கினுயோ!" என்று கூப்பிட வாயெடுத்தேன். நீ வெளியே வரவில்லை. என்னோடு நடப்பதற்குப் பல்வலியே மேல் என்று நினைத்துவிட்டாய் போலிருக்கிறது என்று வீட்டுக்குப் போனேன்.

கூட்டத்தில் உன் பெயரைச் சொல்லியிருக்கலாம். நீயாகச் சொல்வாய் என்று உன் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இத்தனை நாள் கழித்து என்னிடம் சொல்லி என்ன? எனக்குத் தெரிந்ததைத்தானே சொல்கிறாய்.

ரிட்சுகோ

தொமகோமாய்,
டிசம்பர் 16

அன்புள்ள ரிட்சுகோ,

நேற்றுக் கூட்டத்தில் எழுந்து நின்று சொன்னேன். பொய், ஒளிந்தது, சிரித்தது எல்லாம். தலைவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே இருந்தார். சங்கத்தில் அந்தத் தகாகி அம்மா சும்மா இருப்பாளா? "அப்போ உங்க கொக்கை மட்டும் எப்படி நம்புறதாம்?" என்றாள். நம்பவேண்டாம், பதிவேட்டில் அதை அடித்துவிடுங்கள் என்றேன். அடித்துவிட்டார்கள்.

உன் நீலப் பறவை இப்போது பதிவேட்டில் ஏறிவிட்டது. பார்த்தவர் ரிட்சுகோ, சாட்சி கினுயோ. என்னையும் பார்த்தவளாக எழுத வந்தார்கள், வேண்டாம் என்றேன். தலைவர் உனக்குத் தனியாக எழுதுகிறாராம்.

இதைச் செய்தால் மனசு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. அந்தச் சிரிப்புக்குப் பிறகு ஏழு குளிர்காலம் நீ ஏரிக்கு வராமல் போனதை எந்தப் பதிவேட்டில் திருத்துவது?

ஞாயிறு காலை ஏரிக்குப் போகிறேன். ஒதாருவிலிருந்து முதல் ரயிலில் ஏறினால் வந்துவிடலாம். வருவாயா?

கினுயோ

ஒதாரு,
டிசம்பர் 24

கினுயோ,

ஞாயிற்றுக்கிழமை நான் வரவில்லை. காத்திருந்திருப்பாய். காத்திருக்கட்டும் என்றுதான் முதலில் நினைத்தேன். மத்தியானம் இங்கே காற்று பலமாக அடித்தபோது, கையுறை போட்டுக்கொண்டு போனாளோ என்னவோ என்று எரிச்சலாக இருந்தது.

தலைவரின் கடிதம் வந்தது. அழகான கையெழுத்து. இழுப்பறையில் வைத்துவிட்டேன்.

"மன்னித்துவிட்டேன்" என்று இரண்டு தாளில் எழுதிப் பார்த்தேன். இரண்டும் பொய்யாகத் தெரிந்தன, கிழித்துப் போட்டேன். நம் இருவரில் ஒருத்தி பொய் சொன்னது போதும்.

மார்ச்சில் சப்போரோவில் மகள் வீட்டுக்குக் குடிபோகிறேன். இந்த முகவரிக்கு எழுதினால் கிடைக்காது. புது முகவரியை மறுபக்கத்தில் எழுதியிருக்கிறேன்.

ரிட்சுகோ