அறுகோணத்துக்குள் இரண்டாயிரம் பேர்

மார்ச் 2

அன்பு அக்கா,

நலம் என்று எழுதினால் ஆதாரம் கேட்பாய். அதனால் நேராக விஷயத்துக்கு வருகிறேன்.

எங்கள் ஆம்புலன்ஸ் நிலையத்தை மூடப் போவதாகப் பேச்சு. மூடினால் பன்னிரண்டு வருஷமாக நான் உட்கார்ந்திருக்கும் பொறுப்பாளர் நாற்காலியும் போய்விடும். இருபதாம் தேதி கமிட்டி கூடுகிறது. நிலையம் ஏன் இங்கேயே வேண்டும் என்று காட்ட, மூன்று வருட அழைப்புகளை வரைபடத்தில் புள்ளி வைத்துப் பார்த்தேன். நாற்பதாயிரம் புள்ளி. ஓட்டுநர் எட்டிப் பார்த்து, "என்ன சார், எறும்பு மொய்ச்சிருக்கு?" என்றார். பெயர்களை நீக்கிவிட்டுக் கோப்பை அனுப்பியிருக்கிறேன். பார்த்துச் சொல்.

உன் தம்பி

மார்ச் 6

தம்பிக்கு,

புள்ளி மேல் புள்ளி விழுந்தால் நூறும் ஒன்றாகத்தான் தெரியும். கணித மென்பொருளில் ஊரை அறுகோணக் கட்டங்களாகப் பிரித்தேன். ஒவ்வொரு கட்டத்திலும் எத்தனை அழைப்பு என்று அது எண்ணி, அதிகமானதற்கு அடர்ந்த நிறம் கொடுக்கும். ஏன் சதுரம் இல்லை என்பாய். சதுரத்தின் மூலைகள் நடுவிலிருந்து அதிகம் விலகியிருக்கும். அறுகோணம் வட்டத்துக்குக் கிட்டத்தில் வரும், இடைவெளி இல்லாமலும் அடுக்கலாம். கட்டத்தைப் பெரிதாக்கினால் எல்லாம் கலந்துவிடும். பொடியாக்கினால் மறுபடி உன் எறும்புகள்தான். கட்டத்துக்கு அரைக் கிலோமீட்டர் அகலம் என்று வைத்தால் சரியாக வந்தது.

ஊரிலேயே மிக அடர்ந்த கட்டம் உன் நிலையம் இருப்பதுதான். இருமலுக்கு மருந்து சாப்பிட்டாயா?

அக்கா

மார்ச் 8

அக்கா,

படத்தைச் சுவரில் ஒட்டிவிட்டோம். வருகிறவர்கள் எல்லாம் அந்தக் கறுத்த கட்டத்தைத் தொட்டுப் பார்க்கிறார்கள். "அண்ணி சிரிக்க மாட்டாங்க, ஆனா கைவிட மாட்டாங்க" என்று உன்னைப் பற்றிச் சொல்கிறாள் என் மனைவி. இருமல் தேவலை.

தம்பி

மார்ச் 11

தம்பிக்கு,

நல்ல செய்தி இவ்வளவு சுலபமாக வந்தால் எனக்கு நம்பிக்கை வராது. அந்தக் கட்டத்தைத் தனியாகப் பிரித்தேன். இரண்டாயிரத்துச் சொச்சம் அழைப்புகளுக்கு அட்சரேகை, தீர்க்கரேகை எண்கள் ஆறாவது தசமம் வரை ஒன்றே: உன் நிலைய வாசல். இரண்டாயிரம் பேரும் உன் வாசற்படியில் வந்தா மயங்கி விழுந்தார்கள்?

அக்கா

மார்ச் 13

அக்கா,

பதறிப்போய்க் கூப்பிடுகிறவர்களுக்கு முகவரி சொல்ல வராது. இடத்தை நிரப்பாமல் கணினி வண்டியை அனுப்ப விடாது. "நம்ம நிலையத்தையே அமுக்கு, வண்டி கிளம்பட்டும், வழிய போன்ல கேட்டுக்கலாம்" என்று எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தவன் நான்தான். வேறென்ன செய்ய?

அழைப்புகள் உண்மைதானே? கமிட்டியில் யாரும் ஆறாவது தசமம் பார்க்க மாட்டார்கள். இதை இப்படியே விட்டுவிடேன்.

தம்பி

மார்ச் 15

தம்பிக்கு,

அழைப்பு உண்மை, இடம் பொய். அவற்றை நீக்கி மறுபடி வரைந்தேன். உன் கட்டம் வெளுத்துவிட்டது. இப்போது அடர்த்தி ரயில் கேட்டுக்கு அப்பால், கிடங்குத் தொழிலாளர் குடியிருப்பில். கேட் மூடியிருக்கும்போது உன் வண்டிகள் நிற்கும் நிமிஷங்களும் கோப்பில் இருக்கின்றன.

இரண்டு படங்களையும் அனுப்புகிறேன். எதைக் கொடுப்பது என்பது உன் பாடு. எனக்குக் கோபமில்லை. நேரத்துக்குச் சாப்பிடு.

அக்கா

மார்ச் 21

அக்கா,

இரண்டாவதைத்தான் கொடுத்தேன். வாசற்படிக் கதையையும் எழுந்து நின்று சொன்னேன். "இதக் காட்டினா உங்க நிலையத்த மூடறது உறுதின்னு தெரியுமில்ல?" என்றார் தலைவர். "தெரியுங்க. கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒண்ணு திறங்க" என்றேன்.

இரண்டு வண்டி நிற்க ஒரு கொட்டகை தருகிறார்கள். அதற்குப் பொறுப்பாளர் கிடையாது. நான் பழையபடி முதலுதவி ஆளாக வண்டியில் ஏறுகிறேன். "வாங்க சார், பின்னாடி உக்காருங்க. ஸ்டியரிங் மட்டும் கேக்காதீங்க" என்கிறார் ஓட்டுநர். நாற்காலி போனதில் இவள் இன்னும் என்னிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

தம்பி

மார்ச் 24

என் தம்பிக்கு,

பதினைந்தாம் தேதி உனக்கு எழுதிய கையோடு கமிட்டிக்கும் ஒரு கடிதம் எழுதினேன். முதல் படத்தை நீ கொடுத்துவிட்டால், அதில் இடம் பொய் என்று சொல்லி அனுப்புவதற்காக. உறையில் போட்டு, தபால்தலை ஒட்டிக் கைப்பையிலேயே வைத்திருந்தேன். நீ எதைக் கொடுப்பாய் என்று நான் நினைத்தேன் என்பது இப்போது உனக்குத் தெரிந்திருக்கும்.

இன்று காலை அதைக் கிழித்தேன். சொல்லாமலே விட்டிருந்தால் யாருக்கும் தெரிந்திருக்காது. ஆனால் நீ அத்தனை பேர் முன்னால் எழுந்து நின்ற பிறகு என்னால் இதை மறைக்க முடியவில்லை.

சனிக்கிழமை வருகிறேன். திட்டுவதென்றால் நேரில் திட்டு. உன் மனைவியிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அக்கா