மலர் திறந்து வைத்த பக்கம்

என் மலருக்கு,

உன் கம்ப்யூட்டரை இயக்க எனக்கு இப்போது தெரியும். நீ நம்பமாட்டாய். பகலெல்லாம் வக்கீல் ஆபீசில் டைப் அடித்துவிட்டு வந்து, வீட்டிலும் ஒரு கீபோர்டா என்று உன்னைக் கடிந்துகொண்டவள்தானே நான்.

நீ போன ஒன்பதாம் நாள் புஷ்பா வந்தாள். ஃபேக்டரி பஸ்ஸில் தினமும் உன் பக்கத்தில் உட்காருகிறவள். அந்தப் புதன்கிழமை காலையிலும் அவள்தான் உன் பக்கத்தில் இருந்தாள். ஃபேக்டரி இருக்கும் பாயான் லெப்பாஸ் போய்ச் சேரும்வரை, நீ தன் தோளில் சாய்ந்து தூங்குகிறாய் என்றே நினைத்திருந்தாளாம். அதைச் சொல்லும்போது அந்தத் தோளைத் தடவிக்கொண்டே இருந்தாள். இருதயம் நின்றுவிட்டது என்று மட்டும்தான் ஆஸ்பத்திரியில் சொன்னார்கள். முப்பத்திரண்டு வயதில் எப்படி நிற்கும்?

வேலை விட்டு வந்து தினமும் அந்தத் திரைக்கு முன்னால் உட்கார்வாயே, எங்கேதான் போய்வந்தாய்? அதை எனக்குக் காட்டச் சொல்லி அவளிடம் கேட்டேன். முதலில் தயங்கினாள். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு என்னை உட்காரவைத்தாள்.

மோடம் கரகரத்து, கீச்சிட்டு, அடங்கியது. மவுஸ் என் கைக்குள் நிற்கவில்லை; அம்பு திரைக்கு வெளியே ஓடி ஒளிந்துகொண்டது. புஷ்பா பொறுமையாகச் சொல்லித்தந்தாள். மேலே நீளமாக இருக்கும் கட்டத்தில் விலாசம் அடிக்க வேண்டும். கோடு போட்ட நீல எழுத்தைத் தொட்டால் வேறு பக்கம் திறக்கும். ஏற்கனவே பார்த்தது என்றால் எழுத்து ஊதா நிறமாகிவிடும். வழி தவறினால் இடது பக்கம் பார்க்கும் அம்பை அழுத்தினால் போதும், வந்த இடத்துக்கே திரும்பலாம்.

அவள் சொன்ன விலாசத்தை ஒற்றை விரலால் அடிக்கத் தொடங்கினேன். நாலைந்து எழுத்துதான் அடித்திருப்பேன், மீதி தானாக வந்து நின்றது. கையை எடுத்துவிட்டேன்.

"பயப்படாதீங்கக்கா. மலர் முன்னாடி அடிச்சத அது ஞாபகம் வச்சிருக்குலா" என்றாள் புஷ்பா.

போய்வந்த இடங்களின் பட்டியலும் இருக்கும் என்று அதையும் திறந்து காட்டினாள். 'போன வாரம்' என்ற வரியை அழுத்தினேன். அந்த வாரம் நீ கம்ப்யூட்டரைத் தொட்டது திங்கட்கிழமை மட்டும்தான். செவ்வாய்க்கிழமை ஓவர்டைம். புதன்கிழமை நீயே இல்லை.

பட்டியலில் இருந்தவை எல்லாம் ஒரே விஷயம்தான். இருதயத் தசை தடித்துப்போகும் நோய். அதன் அறிகுறிகள். அதற்கான மாத்திரைகள். ஒவ்வொன்றாகத் திறந்தேன். எதைத் தொட்டாலும் ஊதா. நீ நடந்துபோன வழியில் உன் பின்னாலேயே போவது போல இருந்தது. எங்கேயாவது ஒரு திருப்பத்தில் உன்னைப் பிடித்துவிடலாம் என்றுகூட நினைத்தேன், மலர்.

புஷ்பா அழத் தொடங்கினாள். போன மாதம் மூச்சு வாங்குகிறது என்று நீ ஸ்கேன் எடுத்தது அவளுக்குத் தெரியுமாம். "ஒன்னும் இல்லன்னுதான் எங்கிட்ட சொன்னா, அக்கா."

கடைசியாக இருந்த பக்கத்தின் தலைப்பு, 'வீட்டாரிடம் எப்படிச் சொல்வது'. அதிலேயே, இது குடும்பத்தில் ஓடக்கூடிய நோய், கூடப்பிறந்தவர்களும் சோதித்துக்கொள்ள வேண்டும் என்று எழுதியிருந்தது.

அப்போதுதான் அந்தத் திங்கட்கிழமை சாயங்காலம் நினைவுக்கு வந்தது. "அக்கா, இங்க வந்து இதக் கொஞ்சம் பாரேன்" என்று அறையிலிருந்து கூப்பிட்டாய். நான் ஆபீஸ் சேலையை அயர்ன் செய்துகொண்டிருந்தேன். "வேலையா இருக்கேன்லா, அப்புறம் பாக்கிறேன்" என்றேன். நீ இரண்டாம் முறை கூப்பிடவில்லை. சாப்பிடும்போது கேட்டிருக்கலாமே நான். ஏன் கேட்கவில்லை? நீயாவது ஏன் கையைப் பிடித்து இழுத்துப்போகவில்லை?

இடது அம்பை அழுத்தினேன். மறுபடி மறுபடி அழுத்தினேன். முதலில் திறந்த பக்கத்துக்கு வந்ததும், அதற்கு மேல் அது பின்னால் போகவில்லை. புஷ்பாதான் மெதுவாக என் கையை எடுத்துவிட்டாள்.

அடுத்த வாரம் அவளே என்னை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனாள். எனக்கும் அதே நோய்தான், மலர். ஆரம்பம்தானாம். தினம் ஒரு மாத்திரை, வருடத்துக்கு ஒரு ஸ்கேன், இனி மாடிப்படியில் ஓடக்கூடாது. டாக்டர் சொல்லி முடித்ததும் பக்கத்து நாற்காலியைத் திரும்பிப் பார்த்தேன். யாரிடம் சொல்லப் பார்த்தேன் என்று உனக்குத் தெரியும்.

ஈப்போவில் இருக்கும் நம் தம்பி செல்வத்துக்கு இந்த நோயைப் பற்றி இன்னும் எதுவும் தெரியாது. போனில் சொல்ல வாய் வரவில்லை. நீ பட்ட பாடு இப்போதுதான் புரிகிறது. அந்தப் பக்கங்களை ஆபீஸ் பிரிண்டரில் எடுத்து வைத்திருக்கிறேன். இந்த ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறுகிறேன். தனக்கு ஒன்றுமில்லை, வேலை இருக்கிறது, பிறகு பார்க்கலாம் என்றுதான் சொல்வான். அவன் வேலை முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பேன். அவனைச் சோதனைக்குக் கூட்டிப்போகாமல் பினாங்குக்குத் திரும்பமாட்டேன். இது உனக்கு நான் தரும் வாக்கு.

நீ கூப்பிட்டும் வராத உன் அக்கா,
சரசு