ஏரியில் ஒன்றுமே இல்லை

ஜன. 20, செவ்வாய்
பனி. ராஜகிரி உச்சி தெரியவில்லை. ஆறு மணிக்கே ஏரிக்கரைப் பூங்காவில் நானும் சுமதியும். பறவைக் கணக்கு: நாமக்கோழி 41. முக்குளிப்பான் 6. கோரைப் புதரில் தாழைக்கோழிக் கூடு, முட்டை 5! சுமதிதான் முதலில் பார்த்தாள். "ஏய், இங்க பாருடி" என்று முந்தானையைப் பிடித்து இழுத்தாள். யாரிடமும் சொல்வதில்லை என்று பேசிக்கொண்டோம்.

புங்கமரம் இலை உதிர்க்க ஆரம்பித்துவிட்டது.

என் பறவை நோட்டைத் திருப்பிக் கொடுத்தாள். அவள் மகளுடைய ஸ்கூல் புராஜெக்ட் முடிந்ததாம். டீச்சர் பாராட்டினாராம். எனக்கு ஒரே பெருமை.

கடைக்கு: ஜெராக்ஸ் பேப்பர் 2 கட்டு, டோனர். வீட்டுக்கு: பச்சை மிளகாய்.

ஜன. 22, வியாழன்
வெயில். கடையில் கூட்டம். பன்னிரண்டு மணிக்கு ஒருவர் மனுவோடு வந்தார். ஏரியில் பறவை ஏதும் இல்லை, போட்டிங் விட வேண்டும், கோரையை வாரி எடுக்க வேண்டும் என்று மனு. "பத்து செட்டு போடும்மா, சீக்கிரம்."

மூன்றாவது தாளைக் கண்ணாடிமேல் வைத்தபோதுதான் பார்த்தேன். என் பறவை நோட்டின் நகல், என் கையெழுத்து. 'மே 8. ஏரி வறண்டு கிடக்கிறது. ஒன்றுமே இல்லை.' அடுத்ததும் மே மாதப் பக்கம்தான். மழைக்காலத்துப் பக்கம் ஒன்றுகூட இல்லை.

"இத யாரு குடுத்தது?"

"நம்ம போட்டிங் டிக்கெட் கவுண்டருக்கு வேலைக்கு வரப்போறவரு வீட்டம்மா. சுமதின்னு."

பத்து செட்டும் போட்டுக் கொடுத்தேன். பாவி. பதினோரு வருஷமாகக் கூட நடந்தவள். மகள் பேரைச் சொல்லி வாங்கிப்போனாளே.

ஜன. 23, வெள்ளி
வாக்கிங்கில் சுமதியிடம் கேட்டேவிட்டேன். மழுப்பவில்லை.

"ஆமா, நான்தான் குடுத்தேன். அவரு வேலை இல்லாம ரெண்டு வருஷமா குந்திக்கினு இருக்காரு, உனுக்குத் தெரியாதா? பொய்யா எதுனா குடுத்தேனா? நீ எழுதுனதுதானே?"

"கூட்டுல முட்டை இருக்குதுடி."

"கோழி வேற எடத்துக்குப் போவும்."

முட்டை எப்படிப் போகும்? அழுகை வந்தது. அவள் முன்னால் அழவில்லை.

ஜன. 27, செவ்வாய்
முழு நோட்டையும் எடுத்துக்கொண்டு பேரூராட்சி ஆபீசுக்கு. அங்கிருந்தவர் மனுவோடு வந்த ஜெராக்ஸையும் நோட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "அதுவும் உங்க கையெழுத்து, இதுவும் உங்க கையெழுத்து. இன்னாத்தம்மா நம்புறது?"

அது கோடையில் எழுதியது, இது மழைக்காலத்தில் எழுதியது என்றேன். "சரிம்மா, வச்சிட்டுப் போங்க." நோட்டை வைக்கவில்லை. இனி யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

குடையை அங்கேயே மறந்துவிட்டேன்.

பிப். 2, திங்கள்
தனியாக நடை. கோழி அடைகாக்கிறது. கிட்டப் போகவில்லை. எதிரே சுமதி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போனாள். புது செருப்பு வாங்கியிருக்கிறாள். ஏன் இதையெல்லாம் கவனிக்கிறேன்?

பிப். 5, வியாழன்
ஜேசிபி வந்துவிட்டது. கடை திறக்கவில்லை. கரையிலேயே நின்றேன். கோழி இரண்டு முறை சுற்றிச் சுற்றிப் பறந்தது. ஓட்டுகிறவரிடம் கூட்டைச் சொன்னேன். நிறுத்தி, இறங்கி வந்து கேட்டார்: "எங்கம்மா இருக்குது?" காட்டுவதற்கு அங்கே ஒன்றும் மிச்சமில்லை.

பிப். 6, வெள்ளி
லேசான பனி. 6.10. ஏரி நிறைய தண்ணீர். நாமக்கோழி 0. முக்குளிப்பான் 0. தாழைக்கோழி 0. ஏரியில் ஒன்றுமே இல்லை.

இந்தா சுமதி, இதையும் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்.