ஓக்கிக்கு எத்தனை தோட்டா போதும்

செப்டம்பர் 14, செவ்வாய்

உம்மிடமே நேராகக் கேட்கிறேன், ஆண்டவரே: அறுபத்தொரு வயது மனுஷனுக்கு வீட்டில் எத்தனை தோட்டா இருந்தால் போதும்? நீர் கேட்டுக்கொண்டுதானே இருக்கிறீர்? இந்த வீட்டில் என் பேச்சை முழுசாகக் கேட்பது நீர் ஒருவர்தான். என் புருஷன் ஓக்கி பாதியிலேயே தொப்பியை எடுத்துக்கொண்டு தொழுவத்துக்குக் கிளம்பிவிடுகிறார்.

விஷயம் உமக்குத் தெரியும். ஆனாலும் எழுதினால் எனக்கு மனசு நிதானப்படும். செத்துப்போன என் தங்கச்சி ஆர்லீனின் பேத்தி ரேலின், ஐந்து வயசு. தாய்க்காரி மிஸ்டி மாத்திரைப் பழக்கத்தில் விழுந்து இப்போது ஜெயிலில். குழந்தையை இரண்டு கவுண்டி தள்ளி, முன்பின் தெரியாத ஒரு வீட்டில் வைத்திருக்கிறார்கள். நல்லவர்களாகத்தான் இருப்பார்கள், நான் குறை சொல்லவில்லை. ஆனால் ரத்த சொந்தம் நாங்கள் இருக்கிறோமே. எங்களுக்கும் பிள்ளை இல்லை. மாடி அறை சும்மா கிடக்கிறது.

குழந்தையை எங்களிடம் விடலாமா என்று, வியாழக்கிழமை குழந்தைகள் நல ஆபீஸிலிருந்து ஹாம்ரிக் என்கிற பெண் வீட்டைப் பார்க்க வருகிறாள். நான்கு பழக் கேக் செய்து ஆப்பிள் சாற்றில் ஊறப் போட்டிருக்கிறேன். ஓக்கியிடம் தோட்டாக்களை ஒழுங்குபண்ணச் சொன்னேன். "எல்லாம் ஒழுங்காத்தான் இருக்கு, வில்டா" என்றார். 

செப்டம்பர் 16, வியாழன்

போச்சு.

அந்தப் பெண் நல்லவள். சின்ன வயசு, சேறு படிந்த பூட்ஸ். படுக்கையறை, கிணறு, அடுப்பு எல்லாம் பார்த்துத் தலையாட்டினாள். துப்பாக்கி இருக்கிறதா என்று கேட்டாள். மேற்கு வர்ஜீனியாவில் இந்த மலைப்பக்கம் துப்பாக்கி இல்லாத வீடு எது? மூன்று இருக்கிறது, பூட்டிய அலமாரியில் என்று காட்டினார் ஓக்கி. அதுவரை நல்லது. தோட்டா வேறே இடத்தில், வேறே பூட்டுப் போட்டு இருக்க வேண்டும், அது எவ்வளவு இருக்கும் என்று கேட்டாள்.

"கொஞ்சம்தான் கெடக்கு" என்றார்.

பிறகு காபி ஊற்றினேன். கேக் டின்னை எடுத்து வந்து அவள் முன்னால் வைத்து, நானே என் கையால் மூடியைத் திறந்தேன். உள்ளே விளிம்பு வரை இருபத்திரண்டு அளவுத் தோட்டாக்கள். மஞ்சளாகப் பளபளவென்று. தூக்கும்போதே கனம் தெரிந்திருக்க வேண்டாமா என்று நீர் கேட்பீர். என் பழக் கேக்கும் அந்தக் கனம்தான் இருக்கும், ஆண்டவரே.

ஹாம்ரிக் பேனாவை மூடினாள். கோபப்படவில்லை, அதுதான் எனக்குத் தாங்கவில்லை. "ஒரு மாசம் கழிச்சு வர்றேம்மா. அப்போ நான் எந்த டப்பாவைத் திறந்தாலும் அதுல இருக்க வேண்டியதுதான் இருக்கணும். தோட்டா எல்லாம் ஒரே இடத்துல, ஒரே பூட்டுல. பூட்டி வைக்க முடியாத அளவுக்கு இருந்தா குழந்தையை இங்க அனுப்ப என்னால எழுத முடியாது" என்று சொல்லிவிட்டுப் போனாள். சரியான டின்னிலிருந்து எடுத்து வைத்த கேக்கையும் தொடவில்லை.

செப்டம்பர் 17, வெள்ளி

தேடினேன். தேடத் தேட வருது. தையல் பெட்டியில. ஹார்மோனியத்துக்குப் பின்னால. நிலவறையில பீச் ஜாடிங்களுக்கு நடுவுல, உருளைக்கிழங்கு மூட்டைக்கு அடியில. காபி டின்னு பதினொண்ணு, ஒண்ணுலகூட காபி இல்ல. கட்டிலுக்கு அடியில அவரு அப்பா வச்சது, சித்தப்பா வச்சது. அதுக்கும் மேல, இந்தப் பள்ளத்தாக்குல எந்த ஆம்பளை செத்தாலும் பொஞ்சாதிக்காரி தோட்டாவையெல்லாம் இவருகிட்டதான் கொண்டாந்து கொடுப்பா. சூட்டுக்கோட்டு பைபிளெல்லாம் மகனுக்கு, தோட்டா ஓக்கிக்கு. இவருகிட்ட துப்பாக்கியே இல்லாத அளவுத் தோட்டாவையும் வாங்கி வச்சிருக்காரு. இந்த மனுஷனுக்கு இல்லாத துப்பாக்கிக்குத் தோட்டா எதுக்கு? இது வீடா, பட்டாளமா?

முழங்கால் வலி. அழுதேன். அவர் பார்க்கவில்லை.

செப்டம்பர் 19, ஞாயிறு

நிலவறை முழுக்கப் பூட்டிவிடலாம் என்கிறார். என் பீன்ஸ், என் பீச், என் தக்காளி எல்லாம் அங்கேதான். நாளுக்குப் பத்துத் தடவை இறங்குகிறேன். கையில் மாவோடு இறங்கி, அடுப்பில் ஏதோ தீயுது என்று ஓடி வந்து, ஒரு நாள் பூட்ட மறப்பேன். நான் மறப்பேன் என்று எனக்கே தெரியும். அந்த ஒரு நாள் போதாதா?

சொன்னேன். தொழுவத்துக்குப் போய்விட்டார்.

செப்டம்பர் 23

ஜெபித்தேன். பதில் இல்லை.

அக்டோபர் 3, ஞாயிறு

இதை எழுதும்போது சிரிக்கிறதா, வெட்கப்படுகிறதா தெரியவில்லை. சபையில் காணிக்கைத் தட்டு வந்தது. ஓக்கி சட்டைப்பையிலிருந்து ஒரு கை அள்ளிப் போட்டார். சில்லறையோடு சேர்ந்து மான் வேட்டைக்கான முப்பது-முப்பது அளவுத் தோட்டா ஒன்று, டங்கென்று தட்டில் விழுந்தது. பாடகர் குழுவே திரும்பியது. தட்டு எடுக்கிற டெல்பர்ட், பக்கத்து மேட்டு வீட்டுக்காரன், முகம் மாறாமல் அந்தத் தோட்டாவை மட்டும் எடுத்துத் தன் கோட்டுப்பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டான்.

கர்த்தருக்கு வந்ததை அவன் எடுக்கலாமா?

அக்டோபர் 4, திங்கள்

டெல்பர்ட் காலையிலேயே வந்து நின்றான். தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, காலை மாற்றி மாற்றி வைத்தான். தோட்டாவைத் திருப்பிக் கொடுக்க வந்தாயா என்றேன்.

"இல்ல அத்தே. இன்னும் இருக்கான்னு கேக்க வந்தேன்."

அப்போதுதான் சொன்னான். போன வருஷம் கொள்ளைநோய் வந்ததிலிருந்து கடைகளில் தோட்டாத் தட்டுகள் காலி. இந்த வருஷமும் வந்த அன்றைக்கே தீர்ந்துவிடுகிறது. ஊரில் இருக்கிற கடையில் பெயர் கொடுத்துவிட்டுக் காத்திருக்கிறானாம். வீட்டில் நாலு பிள்ளைகள், மரமில்லில் பாதி நாள்தான் வேலை. மான் விழவில்லை என்றால் குளிர்காலத்துக்கு இறைச்சி இல்லை. அவனிடம் இருந்தது ஒரே ஒரு தோட்டா. இப்போது, கர்த்தர் புண்ணியத்தில், இரண்டு. இவன் மட்டுமில்லை, சபையில் பாதிப்பேர் இப்படித்தான், வெட்கத்தில் சொல்வதில்லை என்றான்.

நான் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். என் கால் பக்கத்தில், கதவு மூடாமலிருக்க ஓக்கி முட்டுக்கொடுத்து வைத்திருந்ததே ஒரு தோட்டா டின்தான்.

ஸ்தோத்திரம். பதில் கேட்டேன் அல்லவா.

அக்டோபர் 6, புதன்

சாப்பாட்டு மேஜையில் உட்கார வைத்தேன். தொப்பியை நான் மறைத்து வைத்துவிட்டேன், எழுந்து போகாதபடிக்கு.

"எவ்வளவு வேணும், சொல்லுங்க" என்றேன்.

"ஆயிரம்."

"போன வருஷம் எத்தனை சுட்டீங்க?"

கூரையைப் பார்த்து யோசித்தார். "அஞ்சு. மூணு குறி சரிபாக்க. ஒண்ணு மானுக்கு. ஒண்ணு டெல்பர்ட் வீட்டுத் தண்ணித் தொட்டிக்கு."

"அப்போ ஆயிரத்தையும் சுட்டு முடிக்க உங்களுக்கு இருநூத்தி அறுபத்தோரு வயசு ஆகணும். அதுக்குள்ள கர்த்தரே வந்துருவாரு. வந்தப்புறம் எந்த மானைச் சுடப் போறீங்க?"

ஐந்நூறு என்றார். இருபது என்றேன். ஏலத்தில் மாடு பிடிக்கிறவர் மாதிரி காதைச் சொறிந்துகொண்டு முந்நூறு என்றார். நான் இருபதிலேயே நின்றேன். அப்போதுதான் அந்தக் கதையைச் சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் எனக்குச் சொல்லாத கதை. அவருக்கு ஏழு வயசில் மில் மூடியதாம். அப்பாவிடம் இரண்டே தோட்டா. இரண்டும் தவறிவிட்டது. வசந்தம் வருகிற வரைக்கும் சோளக் கஞ்சிதான். ஓக்கியின் தம்பி அந்தக் குளிரைத் தாண்டவில்லை. பசியா காய்ச்சலா என்று யாரும் பேசினதில்லையாம்.

"எண்ணி வச்சிக்கிட்டு வேட்டைக்குப் போனவனோட பிள்ளை நான். அதான், வில்டா."

எனக்கு வாய் அடைத்துப் போனது. எனக்கே வாய் அடைத்தது என்றால் பார்த்துக்கொள்ளும். பிறகு மெதுவாகத்தான் கேட்டேன்:

"அன்னைக்கு உங்கப்பாவுக்கு யாராவது ஒருத்தர் ஒரு பெட்டி கொடுத்திருந்தா?"

 தொப்பி இல்லாமலே எழுந்து தொழுவத்துக்குப் போனார். இருட்டுகிற நேரம் திரும்பி வந்து, கை கழுவிக்கொண்டே, "டெல்பர்ட்டு துப்பாக்கி முப்பது-முப்பதுதானே?" என்றார்.

கடைசியில் வீட்டில் வைத்துக்கொள்வது இரண்டு பெட்டி முப்பது-முப்பது, ஒரு பெட்டி இருபத்திரண்டு அளவு. நாற்பதும் ஐம்பதும். அதற்கு மேல் ஒன்றுகூட இல்லை. இருபதிலிருந்து நான் இறங்கி வந்தேன் என்று நாளை பின்னே சொல்லிக் காட்டுவார். காட்டட்டும்.

அக்டோபர் 9, சனி

ஓக்கி சம்மணம் போட்டு உட்கார்ந்து அளவு வாரியாகப் பிரிக்கிறார். பழசாகிப் பச்சை பூத்ததையெல்லாம் தனியாக எடுத்து ஷெரீஃப் ஆபீஸில் ஒப்படைக்கப் போகிறாராம். மீதியைப் பெட்டி பெட்டியாகக் கட்டி அவரே முடிச்சுப் போடுகிறார். என்னைத் தொட விடவில்லை. என் சமையலறையில் முதல் தடவையாக ஒரு தோட்டாகூட இல்லை.

அக்டோபர் 16, சனி

ஆண்டவரே, இன்றைக்கு நீர் எங்கள் சபை மண்டபத்தில் இருந்தீர். இல்லை என்று யாராவது சொன்னால் நான் சண்டைக்குப் போவேன்.

வருஷா வருஷம் மான் சீசனுக்கு முன்னால் நடக்கிற வேட்டைக்காரர் விருந்து. பீன்ஸ், சோள ரொட்டி, ஆப்பிள் வெண்ணெய். போதகர் ஜெபித்து முடித்ததும் ஓக்கி எழுந்து, மூலையில் போட்டிருந்த மேஜைத் துணியை இழுத்தார். அடியில் மேஜை நிறையத் தோட்டாப் பெட்டிகள். 

"யாருக்கு வேணுமோ வாங்க. வெக்கப்படுறவன் கடைசில நில்லு" என்றார்.

ஒருத்தரும் அசையவில்லை. பிறகு டெல்பர்ட்டின் மனைவி ஓனா எழுந்தாள், நாலாவது பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டே. அவளைப் பார்த்து எல்லோரும் எழுந்தார்கள். வரிசை வாசல் தாண்டிப் போனது.

சும்மா கொடுக்கவில்லை என் புருஷன். ஒவ்வொருத்தரையும் நிறுத்தி, போன வருஷம் எத்தனை சுட்டாய் என்று கேட்டார். ஒருத்தன் மூன்று பெட்டி கேட்டான். "மூணா? மானை அடிக்கப் போறியா, மலையை அடிக்கப் போறியா? அத்தனையும் சுட்டு முடிக்க உனக்கு முந்நூறு வயசாகும், போ" என்று ஒன்றைக் கையில் திணித்தார். என் வார்த்தை. அப்படியே என் வார்த்தை. நான் பீன்ஸ் பாத்திரத்துக்குப் பின்னால் நின்று எல்லோரையும் பார்த்தேன், யாராவது கவனிக்கிறார்களா என்று. ஒருத்தரும் கவனிக்கவில்லை. பரவாயில்லை.

விதவை மேபல் வந்தாள். அவள் புருஷன் வைத்துவிட்டுப் போன தோட்டாவைத்தான் மூன்று வருஷம் முன்னால் இவரிடம் கொடுத்திருந்தாள். இப்போது மருமகன் வேட்டைக்குப் போகிறான், அவனுக்கு இல்லை. ஓக்கி அந்தப் பெட்டியையே தனியாக எடுத்து வைத்திருந்தார், மேல் அட்டையில் அவள் புருஷன் கையெழுத்தோடு. மேபல் அதைத் தடவிப் பார்த்துவிட்டு அவர் தோளில் தட்டிவிட்டுப் போனாள்.

வீடு வருகிற வழியில் காரில் மெட்டுப் பாடிக்கொண்டு வந்தார். அவர் பாடி நான் கேட்டு எவ்வளவு நாளாகிறது. ராகம் இல்லை. ஆனாலும்.

அக்டோபர் 21, வியாழன்

ஜெயித்தோம்!

ஹாம்ரிக் வந்தாள். நான் ஒன்றும் பேசக்கூடாது என்று உம்மிடம் வாக்குக் கொடுத்திருந்தேன், ஏறக்குறைய காப்பாற்றினேன். ஒவ்வொரு டின்னாகத் திறந்தாள். காபியில் காபி. மாவில் மாவு. தையல் பெட்டியில் ஊசி. ஹார்மோனியத்துக்குப் பின்னால்கூடக் குனிந்து பார்த்தாள். தூசிதான், அதற்கு வெட்கப்பட்டேன். நிலவறையில் நின்று என் பீச் ஜாடிகளை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

கடைசியில் ஓக்கியைப் பார்த்து, வீட்டில் தோட்டா எவ்வளவு இருக்கிறது என்று கேட்டாள்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "தொண்ணூறு. ஒண்ணு கூடவும் இல்ல, குறையவும் இல்ல. இரும்புப் பெட்டியில, ரெண்டாம் பூட்டுல. எண்ணிப் பாத்துக்கோங்க" என்றார். குறைவாக வைத்திருப்பதில் ஒரு மனுஷன் இவ்வளவு பெருமைப்பட்டு நான் பார்த்ததில்லை.

அவள் எண்ணினாள். பிறகு மேஜையில் உட்கார்ந்தாள். கேக் டின்னை அவள் பக்கம் தள்ளினேன், மூடியை அவளே திறக்கட்டும் என்று. இரண்டு துண்டு சாப்பிட்டாள். மூன்றாவதைக் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தேன், வேண்டாம் என்று சொல்லவில்லை.

நவம்பர் 5, வெள்ளி

வந்துவிட்டாள். ஒரு பை, ஒரு தலையணை. ஓக்கியின் சட்டைப் பித்தானைப் பிடித்துக்கொண்டே தூங்கிவிட்டாள். அவர் இரண்டு மணி நேரமாக நாற்காலியில் அசையாமல் இருக்கிறார்.

நவம்பர் 26, வெள்ளி

நேற்று நன்றியறிதல் நாள். ஐந்து மாதத்துக்குப் பிறகு மிஸ்டி போனில் குழந்தையோடு பேசினாள். இருவரும் அழவில்லை. நான் போய் உள்ளே அழுதேன். ரேலின் வான்கோழியின் காலை ஒற்றைக் கையில் பிடித்துச் சாப்பிட்டாள், ராணி மாதிரி.

டிசம்பர் 4, சனி

காலையில் முதல் பனி. ஃப்ரீசர் மூடமாட்டேன் என்கிறது. இரண்டு வாரமாக ஆள் மாற்றி ஆள் வருகிறார்கள், ஒவ்வொருத்தர் கையிலும் காகிதத்தில் சுற்றிய மானிறைச்சி. டெல்பர்ட் முதுகுக்கறியே கொண்டுவந்தான், வீட்டில் நாலு பிள்ளை வைத்துக்கொண்டு. வேண்டாம் என்றால் கேட்கவில்லை. "அத்தே, ரெண்டே ரெண்டு சுட்டேன், ரெண்டும் விழுந்துச்சு" என்றான். மேபலின் மருமகன் தொடை கொண்டுவந்தான். மூன்று பெட்டி கேட்டவன்கூட ஒரு பொட்டலம் நீட்டிவிட்டு, "ஒரே பெட்டில முடிஞ்சது மாமா" என்று ஓக்கியிடம் சொல்லிப் பல்லைக் காட்டினான்.

இன்றைக்கு நாள் முழுக்கத் தொழுவத்தில் ரேலினும் அவரும். பழைய பலகையில் சறுக்குவண்டி செய்தார்கள். அவள் ஆணி எடுத்துக் கொடுத்தாள், இவர் அடித்தார், அடிக்கிற ஒவ்வொன்றுக்கும் அவள் ஒரு கேள்வி கேட்டாள். என்னை மாதிரியே பேசுகிறாள், ஆர்லீன் பேத்தி அல்லவா. அவள் பேச்சுக்கு ஓக்கி ஒரு தடவைகூடப் பாதியில் எழுந்து போகவில்லை. சாயங்காலம் மேட்டிலிருந்து இருவரும் ஒரே வண்டியில் சறுக்கி வந்து என் கோழிக்கூட்டில் இடித்தார்கள். சேதமில்லை. இரண்டு கோழிக்குக் கோபம்.

சூப் சாப்பிட்டு, ஜெபித்து, இரண்டு பேரும் தூங்கிவிட்டார்கள். இதை எழுதி மூடப் போகும்போதுதான் எனக்கு உறைக்கிறது, ஆண்டவரே. மான் சீசனுக்கு நாளைதான் கடைசி நாள். நாளை ஞாயிறு, இந்த வீட்டில் ஞாயிற்றுக்கிழமை துப்பாக்கி எடுப்பதில்லை. அப்படியென்றால் எங்களுக்கு மான் சீசன் இன்றோடு முடிந்தது.

ஓக்கி ஒரு நாள்கூடப் போகவில்லை.