கை நனைக்காமல் போனவர்கள்

அன்புள்ள பவுனுக்கு, கோயம்புத்தூரிலிருந்து உன் வீட்டுக்காரன் சொல்ல, கேன்டீன் புனிதா எழுதுவது. உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? மாடு தீனி எடுக்கிறதா? இதைக் கலைப்பிரியாவையே படிக்கச் சொல்லிக் கேள், விஷயம் அவளுடையதுதான்.

நம் மகளை மாப்பிள்ளையாக வந்து பெண் பார்த்துவிட்டுப் போன திண்டிவனம் ராஜாங்கம், நேற்று மில் வாசலுக்கே வந்துவிட்டார். அவள் வேண்டாம் என்றதில் கோபம்.

"நிச்சயம் ஆயிடுச்சுன்னு ஊரெல்லாம் சொல்லிக்கினு இருக்கோம். இப்ப மாத்தினா எப்டிங்க?" என்றார்.

"நிச்சயம்னா தட்டு மாத்தணுங்க. எங்க மாத்தினோம்? கேசரி வெச்சோம், உங்க அக்கா தட்டைத் தள்ளி வெச்சாங்க. நீங்க தண்ணி மட்டும் வாங்கிக் குடிச்சீங்க. கை நனைக்காம எழுந்து போனா, அதுக்குப் பேரு பாத்துட்டுப் போறதுங்க," என்றேன்.

அதைக் கேட்டதும் அவர் சிரித்துவிட்டார். "அக்காதான் பேச்சு முடியாம சாப்பிடக்கூடாதுன்னுச்சு. அந்தக் கேசரி வாசனை இன்னும் மூக்குலயே இருக்குதுங்க."

பார்த்துவிட்டுத்தான் வந்தோம் என்றே ஊரில் சொல்லிவிடுவதாகச் சொல்லிப் போனார். எனக்கு மூச்சு வந்தது. அவள் பயமில்லாமல் படிப்பை முடிக்கட்டும்.

வறுத்த மல்லாட்டை கொஞ்சம் கொடுத்தனுப்பு, இங்கே விற்கும் நிலக்கடலையில் அந்த ருசி இல்லை. உன் பழைய புடவை ஒன்றும் வை, போர்த்திக்கொள்ள.

'நான் இங்கு நலம்' என்று தானாகவே எழுதப் போனாள் புனிதா. வேண்டாம் என்றேன். வேளைக்குச் சாப்பிடுகிறேன், தூங்குகிறேன். அதை மட்டும் எழுதச் சொன்னேன்.

ஷிப்ட் மணி அடிக்கிறது. கேட்டைத் திறக்க வேண்டும்.

வேங்கடேசன்